ஒற்றி எடுத்தல்

போன மாசி மாதம் ஒரு பழைய கார் வாங்கினேன். கருநீல நிறம், எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, போர்த் தண்ணீரில் ஷாம்பு போட்டுக் கழுவினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. தானாகக் காய்ந்துவிடும், ஒரு வேலை மிச்சம் என்று உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். கார் முழுக்க, அம்மை போட்டது மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

அப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் புரை. இடது கண்ணால்தான் பார்த்தார்.

"கழுவிட்டியா?"

"கழுவிட்டேன்பா."

"இல்ல. நனைச்சி வெச்சிருக்க."

அப்பா இருபத்தாறு வருடம் சிதம்பரத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். கழுவுவது பாதி வேலை, காய வைப்பது மீதிப் பாதி என்பார். காய வைப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது அல்ல. தண்ணீரை நாம் எடுக்க வேண்டும். அது தானாகப் போனால் தன் சாமான்களை விட்டுவிட்டுத்தான் போகும்.

அந்தச் சாமான்கள் என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீர்ப் பானையின் அடியிலும் குழாயின் வாயிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியமும் மெக்னீசியமும்தான். துளி ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் மேலே போகிறது, உப்பு துளியின் வட்டத்திலேயே தங்கிவிடுகிறது. வெயிலில் சுட்டுக்கிடக்கும் தகரத்தில் இது நிமிஷத்தில் நடந்து முடிந்துவிடும். வீட்டு ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைச் சேர்த்துவைத்துக் கார் கழுவுகிறவர்கள் உண்டு. சிக்கனம்தான். ஆனால் நாம் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, புள்ளிகள் மேல் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு நன்றாகக் கழுவினேன். முக்கால்வாசி போனது. மிச்சத்தைச் சுரண்டப் போனேன். அப்பா படியிலிருந்து ஒரு சத்தம் போட்டார்:

"தேய்க்காத!"

இருபது வருடங்களுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய சத்தம். அன்று அவர் போடவில்லை.

அப்போது நாங்கள் சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அப்பாவின் முதலாளியிடம் மூன்று வண்டிகள். அதில் ஒன்று கறுப்பு அம்பாசடர். கல்யாணத்துக்கும், கோயிலுக்கு வரும் பெரிய மனிதர்களுக்கும் மட்டும்தான் அது வெளியே வரும். அப்பா விடியற்காலை நாலரைக்கு அதைக் கழுவத் தொடங்குவார். வெயில் வருவதற்குள் முடித்தாக வேண்டும். நான் டார்ச் பிடிப்பேன்.

"நம்ம தேருக்குத் திருமஞ்சனம்டா தம்பி" என்பார். சிதம்பரத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனியிலும் மார்கழியிலும் நடராசர் தேரேறி நாலு வீதியும் சுற்றி வருவார். மறுநாள் மகாபிஷேகம், தரிசனம். அபிஷேகம் முடிந்ததும் சாமியின் திருமேனியில் ஈரம் எடுக்கும் துணிக்குத் திருவொற்றாடை என்று பெயர். துடைப்பதற்கான துணி இல்லை, ஒற்றுவதற்கான துணி. அப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் அவர் வண்டித் துணியைப் பிடித்த விதத்தில் அந்த வித்தியாசம் இருந்தது.

பழைய வேட்டிதான் அவருடைய துணி. பலமுறை துவைத்துத் துவைத்து நைந்தது. கரையைக் கத்தரித்து எடுத்துவிடுவார், கரை நூல் கீறும். கஞ்சி பட்டிருக்கக் கூடாது. முதலில் பக்கெட்டிலிருந்து சொம்பில் மொண்டு, கூரையின் மேல் தெளிக்காமல் மெதுவாக ஊற்றுவார். தெளித்தால் துளித்துளியாக நிற்கும். ஊற்றினால் பாய் விரித்த மாதிரி ஒன்றாகச் சேர்ந்து இறங்கும், பாதித் தண்ணீர் அதுவே போய்விடும். அப்புறம் வேட்டியை நனைத்துப் பிழிந்து (காய்ந்த துணி முதலில் தண்ணீரை இழுக்காது, தள்ளும் என்பார்), விரித்த வாக்கில் மேலே போட்டு, இரண்டு மூலையைப் பிடித்துத் தன் பக்கம் மெல்ல இழுப்பார். அழுத்த மாட்டார். துணியின் கனமே போதும்.

அந்த மார்கழியில் எனக்குப் பன்னிரண்டு வயது. ஆருத்ரா தரிசனத்தன்று வண்டி வெளியே போகவேண்டும். அப்பா பெட்ரோல் கேன் எடுக்கப் போனார். அவர் வருவதற்குள் வேலையை முடித்து வைக்கலாம் என்று எனக்கு ஆசை. துணி கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. உதறினேன். நன்றாகத்தான் உதறினேன். பானட்டில் வைத்து, பளபளப்பு வர வேண்டும் என்று வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தேன்.

இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஏழு மணி வெயில் சாய்வாக விழுந்தபோதுதான், கறுப்புப் பெயிண்ட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியிருந்தது தெரிந்தது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினமானது. ஈரத் துணியில் ஒட்டிய மணல் உதறினால் போகாது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

முதலாளி வந்தார். குனிந்து பார்த்தார். "யாருய்யா இது?"

"நாந்தாங்க. துணி கீழ விழுந்துச்சு, கவனிக்கல" என்றார் அப்பா.

அந்த மாதச் சம்பளத்தில் பாலிஷ் கூலி பிடிக்கப்பட்டது. பொங்கலுக்கு எனக்கு மட்டும்தான் புதுச்சட்டை. அம்மாவுக்குக் காரணம் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் நாலரைக்கு எழுப்பினார். டார்ச்சை அவர் வாங்கிக்கொண்டு துணியை என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்தப் பேச்சே வந்ததில்லை.

இன்றைய கார்களில் நிறத்தின் மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட். தலைமுடியைவிட மெல்லியது. நாம் பார்க்கும் வட்டக் கீறல்கள் பெரும்பாலும் அதில்தான் விழுகின்றன, பெரும்பாலும் கழுவும்போதும் துடைக்கும்போதும்தான். வேகமும் பத்திரமும் எதிரெதிர் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது ஞாயிறு அப்பா படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். காலை ஆறு மணி, நிழல். காய வைக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

ஹோஸ் முனையைக் கழற்றிவிட்டு மேலிருந்து தண்ணீரை வழியவிட்டேன். வேட்டிக்குப் பதில் மைக்ரோஃபைபர் டவல், தடிமனான பெரியது ஒன்று. பாலியஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த மிக நுண்ணிய இழை, இழைகளுக்கு நடுவே தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். "இது துணியே இல்லடா, பிளாஸ்டிக்" என்று அப்பா முகம் சுளித்தார். ஒரே இழுப்பில் கூரை காய்ந்ததும் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "தைச்ச ஓரம் இருக்கு பாரு, அது படாம மடி" என்றார். முதலில் கூரை, பிறகு கண்ணாடிகள், பானட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி. சேறு படும் கீழ்ப்பாதிக்கு வேறு துணி. சக்கரத்துக்கு இன்னொன்று, அது மேலே வரவே கூடாது. இந்த டவலைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றக் கூடாது, உறிஞ்சும் குணம் போய்விடும். கீழே விழுந்தால் அன்றைக்கு அது ஓய்வு.

பிறகு ஒளிந்திருக்கும் தண்ணீர். நாலு கதவையும் திறந்து ஓரங்களில் ஒற்றினேன். பக்கவாட்டுக் கண்ணாடியின் கூட்டுக்குள், பெட்ரோல் மூடிக்குள், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கும். எல்லாம் முடிந்தபின் அங்கிருந்துதான் கண்ணீர் மாதிரி கோடு வழியும். கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு, அவை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரைக் காற்று அடிக்கும் ஊரில் அது சீக்கிரமே நடக்கும்.

"ஒரு ரவுண்டு ஓட்டினா காத்துல காஞ்சிடாதா?"

"புழுதிதான் ஒட்டும். முதல்ல தொடச்சிடு, அப்புறம் ஓட்டு. மெதுவா நாலு தடவை பிரேக்க மிதி. ஈரத்தோட ஹேண்ட் பிரேக் போட்டு நாலு நாள் விட்டன்னா புடிச்சிக்கும்."

பங்குனியில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. கூட்டிவரும்போது செவிலியர் பஞ்சை என் கையில் கொடுத்துச் சொன்னார்: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் நனைத்து, கண்ணின் ஓரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். "தேய்க்கக் கூடாதுங்க. ஒத்தி எடுங்க."

அன்று இரவு, மருந்து விடுவதற்கு முன் பஞ்சை எடுத்தேன். கை நடுங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்தார். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததை அப்போதுதான் கேட்க முடிந்தது.

"அந்த அம்பாசடர் கீறல், நான் பண்ணினேன்னு சொல்லியிருக்கலாம்லப்பா. சின்னப் பையன்னு விட்டிருப்பார்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"உன்ன அந்த வண்டிகிட்டயே விட்டிருக்க மாட்டான். மறுநாள் கழுவறதுக்கு எனக்கு வேற யார்ரா இருந்தா?"

ஒற்றி எடுத்தேன். ஓரத்தில் இன்னும் ஈரம் வந்தது. மருந்தா, வேறு ஏதுமா என்று பார்க்கவில்லை. இன்னொரு பஞ்சு எடுத்தேன்.

போன ஞாயிறு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். நான் எல்லாம் முடித்து டவலைப் பிழிந்துகொண்டிருந்தேன். புறங்கையைப் பானட்டில் வைத்தார், கதவுகள் வழியாக மெல்ல நடந்தார், பின்பக்கக் கைப்பிடிக்கு அடியில் விரலைவிட்டு நிறுத்தினார்.

"இங்க விட்டுட்ட."

விரல் நுனியில் ஒரு துளி இருந்தது.