ஒன்பது ஆம்பியர்

உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருத்தர் இருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டு, ‘ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடும்மா’ என்று சட்டைக் கையை மடிப்பவர். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்.

2009 டிசம்பரில் மேட்டுப்பாளையத்திலிருந்து தங்கச்சி போன் செய்தாள். மாப்பிள்ளை கடன் வாங்கி ஒரு பொலிரோ பிக்கப் எடுத்து, ஊட்டிப் பக்கமிருந்து கேரட் லோடு அடிக்க ஆரம்பித்திருந்தார். முத்தோரை பாலாடா, கேத்தி என்று தோட்டம் தோட்டமாக ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்க வேண்டும். “பனி ஒரே மூட்டமா இருக்குதுண்ணா. ரோட்டோட ஓரமே தெரியறதில்லையாம். அவரு போயிட்டா வர்ற வரைக்கும் நான் கதவுகிட்டயேதான் உக்காந்திருக்கேன்” என்றாள்.

இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? மறுநாளே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு ஹாலஜன் விளக்கு வாங்கினேன். ஒவ்வொன்றும் 55 வாட்ஸ். ஒயர் வாங்கவில்லை. வீட்டில் காலிங் பெல்லுக்குப் போட்டது போக மீதி ஒரு சுருள் கிடந்தது. சுவிட்சும் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றிலிருந்து கழற்றி வைத்தது. கைக்காசு மிச்சம் என்ற பெருமை வேறு.

இங்கேதான் கணக்கு இடித்தது. நீங்களும் இந்தத் தப்பைச் செய்யக்கூடும் என்பதால் சொல்கிறேன். வீட்டில் 100 வாட்ஸ் குண்டு பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. அங்கே 230 வோல்ட். வண்டியில் பேட்டரி 12 வோல்ட்தான். அதே வேலையைச் செய்ய அங்கே கரண்ட் இருபது மடங்கு ஓடியாக வேண்டும். என் இரண்டு விளக்கும் சேர்ந்து 110 வாட்ஸ். 12-ஆல் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்கு மேலே. காலிங் பெல் ஒயரில் ஒன்பது ஆம்பியர்! ‘12 வோல்ட்தானே, ஷாக்கே அடிக்காது’ என்று மாப்பிள்ளைக்கு தைரியம் வேறு சொன்னேன். ஷாக் அடிக்காதுதான்.

விளக்கை எங்கே வைப்பது? கேபின் தலைக்கு மேலே, கம்பீரமாக. பேட்டரியிலிருந்து ஒயரை பானெட்டுக்குப் பின்னால் தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே இழுத்து, சுவிட்சில் கொடுத்து, அங்கிருந்து மேலே ஏற்றினேன். ஃபியூஸ்? ‘எதுக்கு வீணா?’ தட்டியதும் தெருமுனை வரை பளிச்சென்று எரிந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கை தட்டின. தங்கச்சி ஏலக்காய் போட்டு டீ கொடுத்தாள்.

அன்று ராத்திரி நானும் கூடப் போனேன். லோடு ஏற்றித் திரும்பும்போது குன்னூர் தாண்டி மணி ஒன்றரை. பனி வண்டியை அப்படியே விழுங்கியது. “போடுங்க மாப்ள” என்றேன். போட்டார். ரோடு தெரியவில்லை, எங்கள் முகத்துக்கு நேரே வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு சுவர்தான் தெரிந்தது. தலைக்கு மேலிருந்து அடிக்கிற வெளிச்சம் பனித்துளியில் பட்டு நேராக நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது.

“வேண்டாமுங்க மச்சான், அணைச்சிரலாம்” என்று சுவிட்சில் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சுவிட்ச் கொதித்தது. எப்படியோ அணைத்தார். ஆனால் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் நிற்கவில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே புகை. சுவிட்சை அணைத்த பிறகும் புகை!

அந்தத் தகர ஓட்டையின் விளிம்பு, வண்டி ஆடிய ஆட்டத்தில் ஒயரின் தோலை அறுத்துவிட்டது. பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் உள்ள ஒயர் அது. சுவிட்ச் என்ன செய்யும்? பேட்டரியின் மொத்தக் கரண்டும் வண்டி பாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பள்ளம், பின்னால் ஒன்றரை டன் கேரட், அரையடி தெரியாத பனி. மாப்பிள்ளை ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி ஓடி பானெட்டைத் திறந்து, வெறுங்கையால் அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தார். நான் டயருக்குக் கல் வைக்கிறேன் என்று இருட்டில் கல் தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய வலது கையில் மூன்று விரலில் கொப்புளம். அந்தக் கையோடுதான் மிச்ச மலையும் இறக்கினார், ஒரு வார்த்தை பேசாமல். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலையில் மண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். அறுபது வயசிருக்கும். கருகிய ஒயரை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது யாரு செஞ்சதுங்க?” என்றார். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.

“தம்பி, சுவிட்சுங்கறது உத்தரவு போடற ஆளு. மூட்டை தூக்கச் சொன்னா தூக்குமா?” என்று ஒரு சின்னக் கறுப்பு டப்பாவைக் காட்டினார். ரிலே. அடியில் 30, 85, 86, 87 என்று நான்கு கால். பெரும்பாலான வண்டி ரிலேக்களில் அதே நம்பர்தான்; ஜெர்மன்காரர்கள் வகுத்த முறை. 30-ல் பேட்டரி, 87-ல் விளக்கு. மற்ற இரண்டும் உள்ளே இருக்கிற காயிலுக்கு. காயிலுக்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். அது காந்தமாகி, கனமான கரண்டை இணைத்துவிடும். ஆக, டாஷ்போர்டுக்கு வருவது தம்மாத்துண்டு கரண்ட்தான்.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தார். “ஃபியூஸ் லைட்டைக் காப்பாத்தறதுக்கு இல்லீங்க, ஒயரைக் காப்பாத்தறதுக்கு.” தடித்த ஒயர் போட்டார். அதற்கும் காரணம் உண்டு. மெல்லிய ஒயர் வழியிலேயே வோல்ட்டைத் தின்றுவிடும். ஹாலஜன் பல்புக்கு ஒரு வோல்ட் குறைந்தாலே கிட்டத்தட்டக் கால்வாசி வெளிச்சம் போய்விடும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளபளத்த பிறகுதான் போல்ட் போட்டார். தகர ஓட்டைக்கு ரப்பர் வளையம். நாலு ரூபாய் சமாச்சாரம் அது.

விளக்கு தலையிலிருந்து பம்பருக்குக் கீழே இறங்கியது. கண்ணாடியையும் மாற்றினார், பட்டையாகவும் அகலமாகவும் ரோட்டை ஒட்டி அடிக்கிற மஞ்சள். (பனியை மஞ்சள்தான் கிழிக்கும் என்று டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தாழ்வாக வைப்பதில்தான் சூட்சுமம் என்பது என் கட்சி. ஃபிரான்ஸில் 1936-லிருந்து 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள். அதனால் வாதாடுவதில்லை.)

சாயங்காலம் இருட்டிய பிறகு சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தச் சொன்னார். விளக்கின் உயரத்துக்கு நாலு அங்குலம் கீழே சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் அந்தக் கோட்டைத் தாண்டாதபடி திருகினார். தலைக்கு மேலே வைக்கிற ஸ்பாட் லைட்டுக்கு ஆர்.டி.ஓ. முன்அனுமதி வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. “எதிர்ல வர்றவனும் ஒரு ஊட்டுக்கு மாப்பிள்ளைதானுங்க தம்பி. அவன் கண்ணைக் கட்டிவிட்டுட்டு நாம எங்க போறது?” இப்போது எல்.இ.டி. பட்டையை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த சாக்பீஸ் கோடு ஞாபகம் வரும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். மாப்பிள்ளையே கூப்பிட்டார். அதே குன்னூர், அதே பனி. தட்டினார். மஞ்சளாய்ப் பாய் விரித்த மாதிரி ரோடு தெரிந்தது. முப்பது நாற்பது அடிதான். ஆனால் ஓரத்து வெள்ளைக் கோடும் தடுப்புச் சுவரும் தெரிந்தன. அது போதும். மேலே ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டு நின்றார்.

மண்டியில் மூட்டை இறங்கும்போது போன் அடித்தது. தங்கச்சி. மணி நாலரை.

“ஆமா, வந்துட்டோம். லைட்டா? உங்கண்ணன் போட்டது சூப்பரா எரியுது” என்றார் மாப்பிள்ளை, கட்டுப் போட்ட விரல்களால் போனைப் பிடித்துக்கொண்டு. விரலுக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்டிருக்க வேண்டும். “கேரட் பொட்டி நசுக்கிருச்சு” என்றார்.

நான் டீ சொல்லப் போய்விட்டேன்.