பழுத்த புழு

"ஹார்மோன், ஜீன் என்று புத்தகத்திலேயே கிடக்கிறாயே, அதை வைத்துப் பிழைக்கிறவர்களைப் போய்ப் பார்" என்று நண்பர் ஒருவர் பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுக்கு என்னை அனுப்பிவைத்தார்.

வளர்ப்பு மனையில் புழுக்கள் ஐந்தாம் பருவத்தின் கடைசியில் இருந்தன. அந்த வீட்டு அக்கா ஒரு புழுவை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். கழுத்துப் பக்கம் வெள்ளை போய், லேசாக மஞ்சளோடி, உள்ளே வெளிச்சம் ஊடுருவியது. உடம்பு சற்றுச் சுருங்கியிருந்தது. இலையைச் சீண்டாமல் தலையைத் தூக்கித் துழாவிக்கொண்டிருந்தது.

"இது பழுத்துடுச்சு சார். இனிமே தின்னாது."

அவர் கண்டுபிடித்த அந்த நொடிக்குப் பின்னால் இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. மூளையை ஒட்டிய சிறு சுரப்பி இளமை ஹார்மோனைத் தருகிறது. மார்புப் பகுதிச் சுரப்பி தருவது எக்டைசோன். முதல் நான்கு தடவை எக்டைசோன் ஏறும்போது இளமை ஹார்மோனும் கூடவே இருப்பதால், புழு தோலை உரித்துவிட்டுப் புழுவாகவே எழுகிறது. ஐந்தாம் பருவத்தில் இளமை ஹார்மோன் வற்றிவிடும். அதன்பின் வரும் எக்டைசோன்தான் கூடு கட்ட வைக்கிறது. ஜீன்களில் காவலுக்கு நிற்பது கேஆர்-எச்1. இளமை ஹார்மோன் இருக்கும்வரை, கூட்டுப்புழுவுக்கான பிராட் ஜீனையும் அந்துப்பூச்சிக்கான இ93 ஜீனையும் அது தலைதூக்க விடாது. 1938-இல் பிரான்சின் ஆராய்ச்சியாளர் பூன்யோல், சின்னப் புழுக்களிலிருந்து அந்த இளமைச் சுரப்பியை அறுத்தெடுத்துப் பார்த்தார். வளர வேண்டிய வயசில் அவை பொடிக் கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன.

அக்காவுக்கு இதெல்லாம் வேறு கணக்கு. நூறு முட்டைத் தொகுதி என்றால் நாற்பதாயிரத்துக்கு மேல் புழு. எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது. கல்யாணமாகி வந்த புதிதில், மாமியாரோடு உட்கார்ந்து, பழுத்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி கூடு கட்டுவதற்கான மூங்கில் சந்திரிகையில் விடுவாராம். இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரி தூக்கமிருக்காது. விடியற்காலை பொறுக்கத் தவறியது தட்டிலேயே நூலை இறைத்துவிடும்.

இப்போது அலமாரியில் ஒரு பாட்டில் இருக்கிறது. பெயர் சம்பூர்ணா, மைசூரு மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்தது. செடியிலிருந்து எடுக்கும் எக்டைசோன் வகைப் பொருள்தான் சரக்கு. நூற்றுக்கு நாலைந்து புழு பழுத்ததும் தண்ணீரில் கலந்து மல்பெரி இலையில் தெளித்துப் போடுகிறார்கள். தின்ற புழுக்கள் ஒருசேரப் பழுக்கின்றன. சந்திரிகைக்குப் பதிலாக வந்த பிளாஸ்டிக் நெட்ரிகாவைப் படுக்கைமேல் விரித்தால் தாமே ஏறிக்கொள்கின்றன. 1954-இல் ஜெர்மனியில் பூட்டெனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவைக் கரைத்து வடித்தபோது அவர்களுக்குக் கிடைத்த எக்டைசோன் 25 மில்லிகிராம். இதை அக்காவிடம் சொன்னேன். "அத்தனை கூடும் யார் காசு?" என்றார்.

 

பாட்டில் தூக்கத்தைத் திருப்பித் தந்தது, விலையைத் தரவில்லை. கூட்டுக்குள் ஹார்மோன் வேலை நிற்பதேயில்லை. கூட்டை அறுவடை செய்த பிறகு கிட்டத்தட்ட ஒரு வாரம்தான் கெடு. அந்துப்பூச்சி உமிழ்நீரால் கூட்டின் முனையை இளக்கி வெளியே வந்துவிட்டால் நூல் அறுந்தது. அந்தக் கூட்டை யாரும் நூலுக்கு எடுக்க மாட்டார்கள். அதற்குள்ளும் கூட்டுப்புழு நாளுக்கு நாள் எடை இழக்கிறது, விற்பதோ கிலோ கணக்கில். நெல்லைப் பத்தாயத்தில் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று உட்காரலாம், இதை முடியாது. வீடு தேடி வரும் தரகருக்கு இது நன்றாகத் தெரியும். ஈரம் அதிகம், கூடு மெல்லிசு என்று எதையாவது சொல்லி விலையைக் குறைத்துவிட்டு, "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்று எழுந்து போவார். நாளை என்பது யாருக்கு நஷ்டம் என்று அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். பூச்சியின் உடம்புக் கடிகாரத்தை வைத்தே ஆளை மடக்கும் இந்த வியாபாரத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

சூடான காற்றில் கூட்டுப்புழுவைக் கொன்று உலர்த்தினால் கூடு மாதக்கணக்கில் தாங்கும். அந்த உலர்த்தும் இயந்திரம் இருப்பது நூல் எடுப்பவர்களிடம். ஊருக்குப் பொதுவாக ஒன்று போட்டால் என்ன என்று கேட்டேன்.

"போட்டா முதல் ஆளா நான் கொண்டாந்து கொட்டுவேன் சார். கரண்டு பில்லு யார் கட்டறது, அதைச் சொல்லுங்க."