ஒரே பாடல், இரண்டு கோப்பு

இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் அலமாரியில் அடுக்கி வைத்த காலத்தில், ஒரே பாடல் இருமுறை வீட்டிற்குள் வந்தால் உடனே கண்ணில் படும். ‘இருப்பதையே ஏன் மறுபடி வாங்கினீர்கள்?’ என்று இல்லாள் கேட்பாள். கணினியில் அப்படிக் கேட்பார் இல்லை. வாப்பா சேர்த்து வைத்த ஒலிநாடாக்களிலிருந்து பதிந்தெடுத்தவை, குறுந்தகடுகளிலிருந்து பெயர்த்தவை, உறவினர் கைப்பேசியில் அனுப்பியவை என எம் இல்லத்துக் கணினியில் 3,000-க்கும் மேற்பட்ட பாடற்கோப்புகள் குவிந்துவிட்டன. அவற்றுள் பெரும்பங்கு, 2015-இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனிபா அவர்களுடையவை.

‘இரட்டைகளை நீக்க நிரல் இருக்கிறது மாமா, ஒரு நொடியில் முடிந்துவிடும்’ என்றான் மருமகன். அந்த ஒரு நொடிதான் என்னைத் தயங்க வைத்தது.

கோப்பு முழுவதையும் கணக்கிட்டு எம்.டி.5 போன்றதோர் அடையாள எண்ணை உண்டாக்கி ஒப்பிடும் முறையில் அச்சமில்லை. எண் ஒன்றானால் கோப்பும் ஒன்றே எனக் கொள்ளலாம். ஆனால் பாடலின் பெயர்க்குறிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அந்த எண் மாறிவிடும். எங்கள் சேகரிப்பிலோ ஹனிபா, ஹனீஃபா, அனிபா என எழுத்து வேறுபட்டு, ஒருவரே மூன்று பாடகராகியிருந்தார்!

பெயரை வைத்துத் தேடினால் வேறு தொல்லை. இசைத்தட்டில் வந்த ஒரு பாடலும், ஒரு திருமண வீட்டில் வாப்பா ஒலிநாடாவில் பதிந்த அதே பாடலும் ஒரே தலைப்பில் நின்றன. நாடாவின் தொடக்கத்தில் ஊரையும் தேதியையும் அறிவிப்பது வாப்பாவின் குரல். அவர் குரல் எங்களிடம் வேறெங்கும் பதிவாகவில்லை. நிரல் அதனைத்தான் நீக்கத்தக்கதெனக் குறித்துக் காட்டியது.

ஒலியையே ஒப்பிடும் ‘குரோமாபிரிண்ட்’ போன்ற முறைகளும் உள்ளன. அது வழக்கமாக முதல் 120 நொடிகளை மட்டுமே ஆராய்கிறது. எங்களிடமிருந்த மேடைப் பாடல் ஒன்றின் இரு பிரதிகள் அதன்படி ஒன்றே. ஆயினும் ஒரு பிரதி, 60 நிமிட நாடாவின் ஒரு பக்கம் தீர்ந்ததால் சரணத்தின் நடுவே அறுந்து நின்றது. அறுந்ததே அளவில் பெரிய கோப்பு. அதனையே வைத்துக்கொள்ளுமாறு நிரல் பரிந்துரைத்தது. பெரியது சிறந்தது என்பது இங்கே செல்லாது. 128 கிலோபிட் எம்.பி.3 கோப்பை 320 ஆக மாற்றியவர் யாரோ! கோப்பு பருக்குமேயன்றி, முன்னரே கழிந்துபோன ஒலி திரும்பாது.

எனவே அடையாள எண் ஒத்தவற்றை மட்டும் நிரலிடம் விட்டோம். மற்றவற்றை இரவுதோறும் இஷாவுக்குப் பின் செவியால் கேட்டே பிரித்தோம். இரண்டு மாதங்கள் ஆயின. நீக்கியவற்றை உடனே அழிக்காமல் தனியே வைத்திருந்தோம்.

தங்கை ஒன்றை மட்டும் திரும்பக் கேட்டாள்: சரணத்தின் நடுவே அறுந்துபோகும் அந்தப் பிரதி. சிறுவயதில் அவள் கேட்டுப் பழகியது அதுதானாம்.