பனி நாட்டில் வெந்நீர்: குளிர்காலப் பயணத்துக்கு ஒரு சம்சாரிக் கணக்கு

‘எங்கள் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். குளிர்காலத்தில் ஐஸ்லாந்துக்கு அழைத்துப் போகிறேன், வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம் என்று எங்களைக் கூப்பிடுகிறாள். எனக்கு வயது 61, வீட்டுக்காரிக்கு 56. ஐந்து ஏக்கர் சம்பா போட்டிருக்கிறோம். எந்த மாதம் போகலாம்? எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. நானும் ஒரு பிப்ரவரியில் மகன் குடும்பத்தோடு அங்கே போய் வந்தவன் என்பதால், பட்டதைச் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால், மார்கழியில் போகாதீர்கள்.

வெளிச்சம்தான் முதல் கணக்கு

ஐஸ்லாந்து, உலக உருண்டையின் வட உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் தீவு. தலைநகர் ரெய்க்யவிக்கில் டிசம்பர் கடைசியில் சூரியன் காலை 11.20 மணிக்கு மேல்தான் எழும்பும், மாலை 3.30 மணிக்கு விழுந்துவிடும். நாலு மணி நேரப் பகலில் என்னத்தைப் பார்ப்பது? பிப்ரவரி நடுவில் பகல் எட்டரை மணி நேரம் ஆகிவிடும். மார்ச் நடுவில் நம் ஊர்ப் பகலுக்குச் சமமாக வந்துவிடும். பனியும் இருக்கும், வானம் தெளிந்தால் இரவில் பச்சை நிறத்தில் ஆடும் துருவ ஒளியையும் பார்க்கலாம். சம்பா அறுவடையை முடித்து, நெல்லைக் கரையேற்றிவிட்டு மாசியில் கிளம்பினால் சரியாக இருக்கும்.

குளிரை நினைத்து ரொம்பப் பயப்பட வேண்டாம். கடல் நீரோட்டம் கொண்டுவரும் வெப்பத்தால், ரெய்க்யவிக்கில் ஜனவரியில்கூட சராசரி வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஆளைச் சாய்ப்பது குளிர் இல்லை, காற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

கொதிநீரை வீட்டுக்குக் கொண்டு வந்தவர்கள்

அந்தத் தீவின் அடியில் நெருப்புக் குழம்பு இருக்கிறது. மழையும் பனியும் உருகி, பூமிக்குள் இறங்கி, சூடாகி மேலே வருகின்றன. அதே நெருப்பு அவர்களை அழித்தும் இருக்கிறது. 1783-ல் லாகி என்ற இடத்தில் பூமி பிளந்து, எட்டு மாதம் குழம்பைக் கக்கியது. நச்சுப் புகை படிந்த புல்லை மேய்ந்து ஆடு மாடுகள் மடிந்தன. பின்னாலேயே வந்த பஞ்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு மக்கள் செத்துப் போனார்கள்.

அந்தச் சூட்டைப் பயனுக்குத் திருப்பியவர்களில் முன்னே நிற்பவர்கள் விவசாயிகள். ரெய்க்யவிக் பெண்கள் பல காலம் அழுக்குத் துணி மூட்டையைச் சுமந்து, பனியில் சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்து வெந்நீர் ஊற்றுக்குப் போய்த் துவைத்தார்கள். கொதிநீரில் தவறி விழுந்து இறந்தவர்களும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமத்து விவசாயிகள் சிலர், தங்கள் நிலத்து ஊற்றிலிருந்து குழாய் போட்டு ஆவியையும் வெந்நீரையும் வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள். 1930-ல் அந்தத் துவைக்கும் ஊற்றுப் பக்கமிருந்தே நகரத்துக்குக் குழாய் போட்டு ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவமனை, ஒரு நீச்சல் கூடம், கொஞ்சம் வீடுகள் ஆகியவற்றைச் சூடாக்கினார்கள். இன்று அந்த நாட்டில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்குக் கதகதப்பு தருவது பூமிச் சூடுதான்.

ரெய்க்யவிக்கில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் லேசாகக் கூமுட்டை வாசம் வரும். பயப்படாதீர்கள், அது பூமிக்குள்ளிருந்து வரும் கந்தகம். குளிர்நீர்க் குழாயில் வருவது நல்ல ஊற்று நீர், அப்படியே குடிக்கலாம். காசு கொடுத்துத் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

எங்கே போகலாம்?

ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்துக்குள் நமக்கான இடங்கள் எல்லாம் இருக்கின்றன.

ரெய்க்கோல்ட் என்ற சிற்றூரில் ஃப்ரீத்ஹெய்மார் என்று ஒரு தக்காளிப் பண்ணை. வெளியே பனி, கண்ணாடிப் பசுமைக்குடிலுக்குள் பழுத்துத் தொங்கும் தக்காளி. ஏறத்தாழ 95 டிகிரி சூட்டில் பூமியிலிருந்து வரும் தண்ணீரைக் குழாய்களில் ஓடவிட்டுச் சூடு தருகிறார்கள். பகல் குறைவு என்பதால் விளக்கு போட்டுச் செடியை வளர்க்கிறார்கள். மகரந்தச் சேர்க்கைக்குப் பம்பிள்பீ என்ற தடித்த தேனீயை நெதர்லாந்திலிருந்து பெட்டியில் வரவழைக்கிறார்கள். செடிகளுக்கு நடுவிலேயே மேசை போட்டுத் தக்காளி சூப் தருகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.

பக்கத்தில் ஸ்ட்ரோக்குர் ஊற்று. ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் 50 அடி, 60 அடி உயரத்துக்குக் கொதிநீரைப் பீய்ச்சி அடிக்கும். கயிற்றைத் தாண்டிக் காலை வைக்காதீர்கள். அங்கே தரையில் ஓடும் தண்ணீரும் தோலை உரிக்கும்.

அதற்கு 10 கிலோமீட்டர் தள்ளி குல்ஃபோஸ் அருவி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டபோது எதிர்த்து நின்றவர், பக்கத்துப் பண்ணையில் பிறந்த சிக்ரிதுர் தோமஸ்தோத்திர் என்ற விவசாயி மகள். வழக்குக்காகப் பலமுறை தலைநகருக்கு நடந்தே போனவர். அருவியில் விழுந்து சாவேன் என்றும் சொன்னவர். வழக்கு அவருக்குச் சாதகமாக முடியவில்லை. ஆனால் குத்தகைப் பணம் கட்டாமல் போனதால் ஒப்பந்தம் விழுந்துபோனது. அருவிக்கு மேலே கல்லில் அவர் முகத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

லாயகார்வாத்ன் ஏரிக்கரையில், கம்பு போன்ற ஒரு தானியமான ரை மாவைப் பிசைந்து பானையில் வைத்து, சுடுமணலில் புதைத்துவிடுகிறார்கள். 24 மணி நேரம் கழித்துத் தோண்டினால் ரொட்டி தயார். விறகும் இல்லை, கேஸும் இல்லை.

நாங்கள் பட்ட பாடு

இனி காற்றின் கதை. ஐந்து நாள் பயணத்தை மகன் மணிக்கணக்கில் திட்டம் போட்டிருந்தான். மூன்றாம் நாள் இரவு ஓர் ஆட்டுப் பண்ணை வீட்டில் தங்கியிருந்தோம். நாலாம் நாள் தெற்குக் கடற்கரையில் அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. காலையில் வானம் தெளிவாக இருந்தது. பண்ணைக்கார அம்மா மட்டும் சன்னல் வழியாக மேற்கே பார்த்துவிட்டு, “மதியம் காற்று வரும், இன்று இங்கேயே இருங்கள்” என்றார். “கட்டின பணம் போய்விடும்” என்று மகன் கிளம்பினான். நானும் வாய் திறக்கவில்லை. நம் ஊரில் வானத்தைப் பார்த்து நாற்பது வருடம் பயிர் வைத்தவன், அங்கே ஒரு விவசாயி வானத்தைப் பார்த்துச் சொன்னதைக் கேட்கவில்லை.

அரை மணி நேரம்கூட ஓட்டியிருக்க மாட்டோம். தரையில் கிடந்த பனியைக் காற்று வாரித் தூற்ற ஆரம்பித்தது. சாலை ஓரத்து மஞ்சள் குச்சிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எங்கே சாலை, எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. பின் இருக்கையில் பேத்தி அழுகிறாள். நத்தை மாதிரி ஊர்ந்து திரும்பி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சாலையையே மூடிவிட்டார்கள்.

அந்த அம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. காபி கொடுத்து, ஆட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே குளிர்காலம் முழுக்க ஆடுகள் உள்ளேதான். டிசம்பரில் கிடாய் சேர்த்து, பிப்ரவரி வாக்கில் ஸ்கேன் எடுத்து, ஒரு குட்டியா, இரண்டா, மூன்றா என்று பார்த்து அதற்குத் தக்கபடி தீவனம் வைக்கிறார்கள். மே மாதம் குட்டி போடும். கோடையில் மலைக்கு ஓட்டிவிட்டு, செப்டம்பரில் ஊரே சேர்ந்து இறக்கி வந்து, காது அடையாளம் பார்த்துப் பிரித்துக்கொள்கிறார்கள். வயலில் பனிக்கட்டி உருண்டைகள் என்று நான் நினைத்தவை எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிய புல் கட்டுகளாம். பயணத்தில் நான் கண்ட நல்ல நாள் அதுதான். திட்டத்தில் இல்லாத நாள்.

புறப்படும் முன்

ஐந்து நாள் பயணம் என்றால் நாலு நாளுக்குத்தான் திட்டம் போடுங்கள். ஒரு நாளைத் தரிசாக விடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். காலையில் வானிலைத் துறையின் எச்சரிக்கையையும் சாலை நிலவரத்தையும் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. பனியில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் ரெய்க்யவிக்கில் தங்கி, காலையில் போய் மாலையில் திரும்பும் சுற்றுலாப் பேருந்தே நல்லது. கார் கதவைத் திறக்கும்போது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று கதவையே பிய்த்துவிடும்.

வெந்நீர்க் குளியலுக்குப் பெயர்பெற்ற நீலக் குளம், மின் நிலையத்திலிருந்து வரும் சூட்டு நீரில் உண்டானது. அந்தப் பக்கம் 2023 டிசம்பரிலிருந்து எரிமலை அடிக்கடி வெடித்ததால் பலமுறை மூடித் திறந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் குறையில்லை. ஏறக்குறைய எல்லா ஊரிலும் பொது வெந்நீர்க் குளம் உண்டு. உள்ளூர்க்காரர்கள் மாலையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் இடமும் அதுதான். ஒரு சங்கதி: குளத்தில் இறங்கும் முன் துணியில்லாமல் சோப்பு போட்டுக் குளித்தாக வேண்டும். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி அறை. கூச்சமாக இருந்தால், தடுப்பு வைத்த குளியலறை இருக்கிறதா என்று கேளுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராமல் எழுந்துவிடுங்கள்.

உள்ளே கம்பளி, மேலே காற்றுப் புகாத உடை. பருத்தி நனைந்தால் காயாது. ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஓட்டல் சாப்பாடு விலை கூடுதல். அரிசி கடையில் கிடைக்கும். சமையலறையோடு இருக்கும் வீடாக எடுங்கள்.

இறைச்சி, பால், நெய் எதையும் இங்கிருந்து கொண்டு போகாதீர்கள். தொழுவத்தில் போட்ட செருப்பு, உடையும் வேண்டாம். 1933-ல் வெளிநாட்டிலிருந்து இருபது ஆடுகளை இறக்கியதில் நோய் பரவி, லட்சக்கணக்கான ஆடுகளை இழந்தவர்கள் அவர்கள். நாமும் கால்நடை வைத்திருப்பவர்கள்தானே, அந்தப் பயம் புரியும்.

விசா ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, குறைந்தது 15 நாள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோ மதிப்புக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விவசாய வருமானத்துக்கு வரிக் கணக்கு இல்லாதவர்கள் சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு விவரம், மகளின் அழைப்புக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, விசா மையத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

கடைசியாக, மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஓர் இரவாவது பண்ணை வீட்டில் தங்க ஏற்பாடு செய்யட்டும். மொழி தெரியாவிட்டாலும் கொட்டகையில் நின்றால் பேச்சு தானாக வரும். அவர்கள் வானத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால், கட்டின பணம் போனாலும் கேளுங்கள்.