புயல் நாளில் வெளியூர்க்காரர்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் காவிரிப் படுகையில் எல்லோருக்கும் ஒரு காது செய்தியில்தான் இருக்கும். சம்பா தூர்கட்டும் நேரம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னதுமே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகால் வாய்க்காலைப் பார்க்கப் போவார்கள். வெளியூர்க் கூட்டம் வருவதும் இந்த மாதங்களில்தான். துலா முழுக்குக்கு மயிலாடுதுறை, சதய விழாவுக்குத் தஞ்சைப் பெரிய கோயில், மாலை போட்டவர்கள் வழியில் இறங்கும் திருநள்ளாறு, எந்நாளும் ஆள் குறையாத நாகூரும் வேளாங்கண்ணியும், வலசைப் பறவைகளைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கோடியக்கரை. புயல் காலமும் யாத்திரைக் காலமும் இங்கே ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன.

புயலுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதை உள்ளூர்க்காரர்கள் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். தென்னையில் முற்றிய காய்களையும் கனத்த அடிமட்டைகளையும் இறக்கிவிடுவார்கள். தலைப்பாரம் குறைந்தால் மரம் கொஞ்சம் தாங்கும். வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுப்பார்கள். கீற்றுக் கூரைமேல் பழைய மீன்வலையைப் போர்த்தி, கயிற்றை இழுத்து முளையில் கட்டுவார்கள். மாடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுவார்கள். பட்டாவும் குடும்ப அட்டையும் பிளாஸ்டிக் பைக்குள் போகும். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கேட்டே நிலைமையை அறிவார்கள் கடற்கரைக்காரர்கள். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவும் தெரிந்த ஊர்களைத்தான் கஜா புயல் புரட்டிப் போட்டது. 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தது. முன்கூட்டியே 80,000க்கும் மேற்பட்டவர்களை அரசு முகாம்களுக்குக் கொண்டு போயிருந்தது. இல்லாவிட்டால் இழந்த உயிர்கள் இன்னும் எத்தனையோ ஆகியிருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் ஒரு தலைமுறை வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் போனதும் மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் ஏறவில்லை, கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை.

அன்றிரவு வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்ததை இப்போதும் பேசிக்கொள்வோம். வடக்கேயிருந்து அடித்த காற்று சட்டென்று நின்றிருக்கிறது. இளவட்டங்கள் கதவைத் திறக்கப் போனபோது பெரியப்பா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். “இது புயலோட கண்ணுடா, இன்னும் முடியல. இனிமேத்தான் தெக்கேயிருந்து அடிக்கும்” என்றாராம். அப்படியேதான் அடித்தது. முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரங்களும் சுவர்களும் இரண்டாம் காற்றில் விழுந்தன. 1952இலும் 1955இலும் தஞ்சைக் கரையைப் புரட்டிய புயல்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர் அவர். வேளாங்கண்ணியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு அந்த வாசற்படியில் உட்கார யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

வெளியூர்க்காரருக்குக் காற்றின் குணம் தெரியாது. எந்தத் தெரு தாழ்வானது, எந்தக் கட்டடம் உறுதியானது என்று தெரியாது. ஒலிபெருக்கியில் வரும் தமிழே பலருக்குப் புரியாது. இதற்கு நாம் கொடுத்த விலை பெரிது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் மாண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் சுற்றுலா வந்த மாணவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் வேளாங்கண்ணியில் வந்தது புயல் அல்ல, ஆழிப்பேரலை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடற்கரையில் நின்றவர்களில் பலர் யாத்திரிகர்கள். பெயர் தெரியாமலே அடக்கம் செய்யப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

வழிப்போக்கரைக் காப்பது இந்த மண்ணுக்குப் புதிய வேலை அல்ல. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் 1802இல் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. சத்திரங்களின் வருமானத்தில் கைவைக்க வேண்டாம் என்று 1801இல் அவர் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே எல்லாச் சாதிக்காரருக்கும் சோறு உண்டு, நோயுற்ற பயணிக்கு வைத்தியம் உண்டு, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பராமரிப்பு உண்டு என்று அதில் விவரிக்கிறார். நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள் என்கிறார். நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு அது. வந்தவர்களுக்குப் போட்டதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை, விட்டுப்போனவரைத் தேடினார்கள்.

புயல் ஏற்பாட்டிலும் அந்த இரண்டாவது தேடல் வேண்டும். அரசின் கணக்கு பெரும்பாலும் குடும்ப அட்டையிலிருந்து தொடங்குகிறது. விடுதிக்காரரின் பதிவேட்டில் இருப்பவர் அதில் இல்லை. விடுதியில் இடம் எடுக்காமல் வேனிலேயே படுத்துறங்கும் ஓட்டுநர் இரண்டிலும் இல்லை. தர்கா வாசலிலும் கோயில் வாசலிலும் கையேந்திப் பிழைப்பவர், பொம்மையும் பாசிமணியும் விற்க வந்தவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பேருந்தும் ரயிலும் ஓடும்போதே, முதல் எச்சரிக்கையிலேயே, போக முடிந்தவர்களை அனுப்பிவிட வேண்டும். வாடகை போகிறதே என்று யாரும் பிடித்து வைக்கக் கூடாது. அறைச் சாவியைக் கொடுக்கும்போதே அருகிலுள்ள புயல் பாதுகாப்பு மையத்துக்கு வழி சொல்ல வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070 ஆகிய எண்கள் ஒவ்வொரு அறைக் கதவின் பின்னும் ஒட்டியிருக்க வேண்டும். எச்சரிக்கையை மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் சொல்ல வேண்டும். அந்த மொழிகளில் கடைக்கு ஆள் கூப்பிடத் தெரிந்தவர்கள் இதே ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். மின்சாரம் இருக்கும்போதே மேல்தொட்டி நிறைய வேண்டும். மரத்தடியில் நிற்கும் வேன்களை நகர்த்தி, ஓட்டுநர்களை உள்ளே அழைக்க வேண்டும். காற்று நின்றதும் யாரும் வெளியே போய்விடாதபடி ஒவ்வொரு விடுதியிலும் ஊர் தெரிந்த ஒருவர் வாசலில் இருக்க வேண்டும்.

தென்னையை நாம் கவனித்துக்கொள்கிறோம், படகைக் கட்டுகிறோம், வாய்க்காலை வெட்டிவிடுகிறோம். இவையெல்லாம் நம்முடையவை, அதனால் கை தானாகப் போகிறது. நம் கோயிலையும் தர்காவையும் மாதாவையும் கடலையும் நம்பி வந்தவர்களும் அந்த இரவில் நம்முடையவர்கள்தான். ஓர் ஊர் புயலுக்குத் தயாராக இருந்ததா என்று பிறகு கணக்குப் பார்க்கும்போது, அந்த ஊரில் ஒருவரையும் தெரியாதவருக்கு எங்கே போய் ஒதுங்க வேண்டும் என்று தெரிந்திருந்ததா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.