மஃரிப்

ரமலானில் நோன்புக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு நாம் காத்திருப்பது மஃரிப் பாங்குக்குத்தான். அரபியில் ‘ஃகரப’ என்றால் மறைந்தது, மேற்கே சென்றது. அதிலிருந்து பிறந்த மஃரிப், சூரியன் மறையும் வேளையையும் குறிக்கும், மறையும் திசையையும் குறிக்கும். மொராக்கோவை அரபியர் இன்றும் அல்-மஃரிப் என்றே அழைக்கிறார்கள். அரபு உலகின் மேற்கு ஓரம் அல்லவா!

அந்நியனைக் குறிக்கும் ‘ஃகரீப்’ என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். ஊரைவிட்டுத் தொலைவு போனவன். வளைகுடாவில் பாடுபடும் நம் பிள்ளைகளை நினைக்கும்போது இந்தச் சொல்லுறவு என்னை உலுக்கிவிடுகிறது. அந்தி சாய்ந்தால் அவர்களுக்கும் அதே மஃரிப், அதே மூன்று ரக்அத்.

இன்று தொழுது முடித்ததும், தொலைவில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்காக ஒரு துஆ கேளுங்கள். முடிந்தால் ஒரு போனும் போடுங்கள்.