புதிய மூட்டும் பழைய வீடும்

 

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் பேச்செடுத்தால், முதலில் எழும் கேள்வி செலவைப் பற்றியதன்று, வலியைப் பற்றியதுமன்று. "அதன் பிறகு ஸஜ்தா செய்ய முடியுமா?" என்பதே அக்கேள்வி. மதரஸாவில் ஓதவரும் பிள்ளைகளின் பாட்டிமார் பலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். நேரான விடை கிடைக்காததால் ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரையை விழுங்கிக் காலம் கழிப்போரும் உண்டு. என் மாமியாரும் அவ்வாறே இருந்தவர்கள். ஈராண்டுகளுக்கு முன், 67ஆம் வயதில், அவர்களுக்கு வலது மூட்டு மாற்றப்பட்டது. அன்றுமுதல் ஒரே வீட்டில் இருந்து கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி எடுத்துவிட்டு, உலோகத்தையும் அதனிடையே உறுதியான பிளாஸ்டிக்கையும் பொருத்துகிறார்கள். இந்த மூட்டு பொதுவாக 110 முதல் 120 பாகை வரை மடங்கும். நடக்கவும், படியேறவும், நாற்காலியிலிருந்து எழவும் அது தாராளமாகப் போதும். ஆனால் அத்தஹிய்யாத் இருப்புக்கும், குந்தி அமரும் கழிப்பறைக்கும் கால் ஏறக்குறைய முழுமையாக மடங்கியாக வேண்டும். பெரும்பாலோருக்குப் புதிய மூட்டு அவ்வளவு மடங்குவதில்லை. புண் நன்றாக ஆறியபின், மருத்துவரின் அனுமதியோடு மண்டியிடுவோர் சிலர் உண்டு. ஆயினும் பலருக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. ஆகவே நாற்காலித் தொழுகைக்கு மனத்தை முன்கூட்டியே ஆயத்தப்படுத்திக்கொள்வது நல்லது.

இதில் குறை என்ன இருக்கிறது? மூல நோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது நபியவர்களே உட்கார்ந்து தொழுதிருக்கிறார்கள். நாற்காலியில் தொழுவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நிற்க முடிந்தவர், ஸஜ்தா செய்ய இயலாவிட்டாலும், நிலையில் நிற்கத்தான் வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஸஜ்தா செய்ய இயலாதவருக்கு நிற்கும் கடமையும் நீங்கிவிடும் என்பது ஹனஃபி மத்ஹபு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மாமியைப் பார்க்க வந்த உறவுப் பெண்களில் ஒருவர், "தரையில் நெற்றி வைக்கக் கொடுத்துவைக்காமல் போயிற்றே!" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். அன்று மாமி இரவு உணவைத் தொடவில்லை. நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். அவர் மனத்தை நோகடிக்கச் சொல்லி எந்தக் கிதாபில் இருக்கிறது?

உண்மையில், தொழுகையைவிடக் கடினமாக இருந்தது வீடுதான். நம் வீடுகள் தரையோடு ஒட்டிய வீடுகள். அரிவாள்மனை தரையில், அம்மி தரையில், படுக்கும் பாய் தரையில், விருந்தென்றால் ஸஹனும் தரையில். புதிய மூட்டு வந்ததும் இவை யாவும் ஒரே நாளில் எட்டாத் தொலைவுக்குப் போய்விடுகின்றன. மேல்நாட்டுக் கழிப்பறையும், பக்கத்தில் கைப்பிடியும் அறுவைக்கு முன்பே அமைத்துவிட வேண்டும். காலில் தட்டும் விரிப்புகளைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். உளூவுக்கு உயரமான நாற்காலி ஒன்று போதும். குனிந்து பாதத்தைத் தேய்க்க முடியவில்லையே என்று மாமி கலங்கினார்கள். தண்ணீர் எல்லா இடத்தையும் சென்றடைந்தால் போதும், தேய்ப்பது நம் இரு மத்ஹபுகளிலும் கட்டாயமன்று என்று எடுத்துச் சொன்னபின்தான் அமைதியடைந்தார்கள்.

ஸஹன் விஷயம்தான் அவர்களை மிகவும் வாட்டியது. நாத்தனார் வீட்டு நிக்காஹ் விருந்தில் மற்றவர்கள் வட்டமாக அமர்ந்து உண்ண, மாமி ஓர் ஓரத்தில் தனித் தட்டோடு அமர்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் இப்போது ஸஹனையே மேசைக்கு ஏற்றிவிட்டோம். சுற்றிலும் நான்கு நாற்காலிகள். விருந்து வைப்போர் பெண்கள் பகுதியில் இப்படி இரண்டு மேசைகள் போட்டால், எத்தனையோ மூதாட்டிகள் வீட்டிலேயே முடங்காமல் வந்து கலந்துகொள்வார்கள்.

முதல் ஆறு வாரங்களில் அன்பே இடையூறாகிவிடக்கூடும். இதமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கடியில் தலையணை வைக்கிறார்கள். வைக்கவே கூடாது; கால் வளைந்தபடியே இறுகி, நிமிர மறுத்துவிடும். தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவதும், குதிகாலை இழுத்துக் காலை மடக்குவதும் வலிக்கத்தான் செய்யும். "பாவம், நாளைக்குச் செய்யட்டும்" என்று பெற்ற பெண்களே தடுத்தார்கள். நாங்கள் பயிற்சியை வக்தோடு இணைத்துவிட்டோம். ஒவ்வொரு ஃபர்ளு தொழுகைக்கும் பிறகு, தஸ்பீஹ் ஓதி முடித்தவுடன் பத்து நிமிடங்கள். ஐந்து வேளையும் தவறவில்லை. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்பதைப் பேரப்பிள்ளைகளே பாடமாக்கி மாமிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஏழாவது வாரம் மாமி ஊன்றுகோலுடன் அடுப்படிக்கு வந்தார்கள். அரிவாள்மனையைத் தொட முடியாது. மேசையில் கத்தியும் பலகையும் வைத்துக் கொடுத்தேன். வெங்காயம் கோணல்மாணலாக வந்தது, சிரித்தார்கள். "நீங்கள் உட்காருங்கள்" என்று சொல்லிப் பெரியவர்களின் கையிலிருந்து வேலையைப் பறித்தால், மூட்டு தேறினாலும் மனிதர் தேறமாட்டார்.

தழும்பின் ஓரம் மரத்திருப்பதும், சில மாதங்கள் வீக்கம் நீடிப்பதும் இயல்பே. ஆனால் கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ, காய்ச்சலோடு புண்ணில் நீர்வடிதலோ, திடீர் மூச்சுத்திணறலோ கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

மாமியின் இடது மூட்டும் தேய்ந்துதான் இருக்கிறது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் அதற்கும் நாள் பார்க்கச் சொல்லி, குளியலறையின் இடப்பக்கச் சுவரில் இன்னொரு கைப்பிடி பொருத்த இப்போதே ஆள் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.